லூசியன் துரை சொதி

எனக்குக் கோவம் சட்டுனு வரும். அத முதல்லயே சொல்லிப் போடுதேன். பெறவு, "என்ன இந்தப் பொம்பள இந்த வரத்து வருதா"ன்னு யாரும் முகத்தச் சுளிக்கப்படாது.

குத்தாலத்துல ஐந்தருவிக்குப் போற ரோட்டுல, கடைசி வளைவு தாண்டுனா எங்க ஓட்டல். போர்டுல 'லா காஸ்கேட்'னு எழுதியிருக்கும். பிரெஞ்சுல அருவின்னு அர்த்தமாம். அந்தப் பேர ஒழுங்கா சொன்ன ஆட்டோக்காரன் ஒருத்தனையும் நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. எல்லாருக்கும் அது ஈரத்தலை ஓட்டல்தான்.

ஏன் அந்தப் பேருன்னா, எங்க பாண்டித்துரை அண்ணாச்சி போட்ட சட்டம் அப்படி. ஓட்டலுக்கு மொதலாளி அவங்கதான். அருவியில குளிச்சிட்டு, தலை ஈரத்தோட வந்தாத்தான் பந்தியில இடம். சாரல் அடிக்கிற மூணு மாசம் மட்டும் திறப்போம், மத்தியானம் ஒரு வேளைதான், இருபத்தெட்டு நாற்காலிதான். வெள்ளைத் துணி விரிச்ச மேசை, பீங்கான் தட்டு, ஒம்பது பதார்த்தம் ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு வரும். சென்னையில இருந்தும் கொச்சியில இருந்தும் பங்குனி மாசமே போன் பண்ணி இடம் பிடிப்பாவ. ஆனா எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் தலை காஞ்சிருந்தா அண்ணாச்சி வாசல்லயே கையெடுத்துக் கும்பிட்டு, "குளிச்சிட்டு வாங்க, காத்திருக்கோம்"னு சொல்லிருவாவ. ஒரு தடவ ஒரு பெரிய அதிகாரி லாட்ஜ் குழாயில தலைய நனைச்சிட்டு வந்துட்டாரு. அண்ணாச்சி கிட்டப் போயி ஒரு மோந்து பாத்தாவ. "இது குழாய்த் தண்ணில்லா"ன்னாவ. அந்த மனுசன் சிரிச்சிக்கிட்டே ஐந்தருவிக்கு நடந்தாரு.

அண்ணாச்சி வாலிபத்துல பம்பாயில பெரிய ஓட்டல்கள்ல இருந்தவங்க. அருவியில குளிச்சா ஒரு பசி பசிக்கும் பாருங்க, அந்தப் பசிக்குன்னே ஒரு ஓட்டல் வைக்கணும்னு வேலைய விட்டுட்டு வந்தாவ. மூளை உள்ள மனுசன்தான், நான் இல்லங்கல. பொய்யும் கொஞ்சம் உண்டு.

நான் மாரிச்செல்வி. ராயகிரிக்காரி. இருபத்தஞ்சு வயசுல இங்க காய் நறுக்க வந்தேன், இப்ப நாப்பத்தெட்டு. இன்னைக்கு அடுப்படி மொத்தமும் என் கையில.

எங்க ஓட்டலுக்குப் பேரு வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு பதார்த்தம். தெளிசொதி. சொதின்னா தேங்காப்பால்ல செய்யற வெள்ளக் குழம்பு, திருநேலி பக்கம் கல்யாண மறுவீட்டுக்கு வைப்பாவ. எங்களுது மட்டும் வெள்ளையா இருக்காது, கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்கும். சின்னக் கிளாஸ்ல சுடச்சுட வரும். மேல நாலு சொட்டுத் தேங்காண்ணெ மிதக்கும். பக்கத்துல ஒரு கரண்டி பொன்னிறப் பொடி. குளிச்ச நடுக்கத்தோட அத ஒரு வாய் குடிச்சாப் போதும், ஆளு அப்படியே அடங்கிருவாரு.

இன்னைக்கு அது இல்லாத ஊரு கிடையாது. ஆலங்குளத்துல பஸ் ஸ்டாண்டு எதுக்க 'ஒரிஜினல் தெளிசொதி'ன்னு போர்டு தொங்குது. கடையநல்லூர்க் கல்யாணங்கள்ல பேப்பர் கப்புல நீட்டுதாவ. எங்ககிட்ட ரெண்டு சீசன் வேலை பாத்த இத்ரீஸ் சார்ஜாவுல கடையே வச்சிட்டான். ஆனா ஒருத்தனுக்கும் சரியா வராது. எல்லாருதும் அரிசி கழுவுன தண்ணி கணக்கா கலங்கலா இருக்கும். நான் குடிச்சிப் பாத்துட்டுச் சொல்லுதேன், சும்மா இல்ல.

எங்க ஓட்டல்ல மெனு கார்டு கிடையாது. ஒவ்வொரு பதார்த்தம் வரும்போதும் பரிமாறுத விஜய்பாண்டி ஹால் நடுவுல நின்னு அதோட பேரையும் பிறப்பையும் சத்தமாச் சொல்லணும். அவனுக்குக் கோயில் மைக் மாதிரி தொண்டை. "இது நெல்லிக்காப் பச்சடி, மேக்கரை தோட்டத்து நெல்லி"ன்னு சொல்லுவான். சொதி வந்ததும், "இது தெளிசொதி, எங்க மொதலாளிக்குப் பாரிஸ்ல லூசியன் துரை சொல்லிக்கொடுத்தது!"ன்னு முழங்குவான். இருபத்தெட்டுப் பேரும் திரும்பிச் சுவத்தப் பாப்பாவ. அங்கன உசரமா வெள்ளத் தொப்பி போட்ட ஒரு வெள்ளக்காரரு மீசையோட சிரிச்சிக்கிட்டு இருப்பாரு. சந்தனம், குங்குமம், ரோசாப்பூ மாலை. சீசன் திறக்கிற அன்னைக்கு அவருக்குத் தேங்கா வேற உடைப்போம்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு அத தெனமும் கேப்பேன். கேக்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஏன்னா லூசியன் துரைன்னு ஒரு ஆளே கிடையாது. அந்தச் சொதி என்னோடது.

நான் வந்த முதல் சீசன். பெரிய சமையக்காரருக்குக் காய்ச்சல், அன்னைக்குன்னு பாத்து பம்பாய்ப் பத்திரிகைக்காரர் ஒருத்தரு சாப்பிட வாராரு. சொதிய நீயே வையின்னு என்கிட்ட விட்டுட்டாவ. எங்க ராயகிரி வீட்டுல சொதியே வச்சதில்ல, பாத்துப் பழகினதுதான். சொதிய அடுப்ப விட்டு இறக்கி, ஆறவிட்டுத்தான் எலுமிச்சம்பழம் பிழியணும். திருநேலியில சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அருவியில இருந்து விருந்தாளிங்க வேன் திரும்பினதும் வாசல் மணிய அடிப்பாவ. அன்னைக்கு அரை மணி நேரம் முந்தி அடிச்சிட்டாவ. கை பதறி, தளதளன்னு கொதிக்கிற சொதியில நாலு பழத்தையும் பிழிஞ்சிட்டேன். அவ்வளவுதான். பால் மொத்தமும் திரிஞ்சி, கட்டி கட்டியா ஒதுங்கிருச்சு. எனக்கு உசுரே போச்சு.

அழுதுக்கிட்டே, விருந்தாளிக்கு வச்சிருந்த புது வெள்ளத் துண்ட எடுத்து அதுல ஊத்தி வடிகட்டுனேன். கீழ தெளிஞ்ச தண்ணி விழுந்துச்சு. நாக்குல வச்சுப் பாத்தா, இஞ்சி, பச்சமொளகா, முருங்கக்கா, தேங்கா எல்லா ருசியும் அதுல இருக்கு. துண்டுல நின்ன கட்டிய வாணலியில போட்டு வறுத்தேன், பொன்னிறமாப் பொரிஞ்சு வந்துச்சு. வாரது வரட்டும்னு கிளாஸ்ல ஊத்தி அனுப்பிட்டேன்.

பத்திரிகைக்காரரு எந்திரிச்சி நின்னுட்டாராம். "இது எங்க கத்துக்கிட்டது?"ன்னு கேட்டிருக்காரு. அண்ணாச்சிக்கு அது என்னன்னே தெரியாது. காய் நறுக்க வந்த பிள்ள செஞ்சதுன்னு சொன்னா மதிப்பிருக்காதுன்னு நெனச்சாவளோ என்னவோ, "பாரிஸ்ல எங்க வாத்தியாரு லூசியன் துரை"ன்னு வாயில வந்தத விட்டுட்டாவ. பெறவு பத்திரிகையில படம் கேட்டதும், தென்காசி பேக்கரி ஒண்ணுல மாட்டியிருந்த மாசக் காலண்டர வாங்கி, படத்த மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டாவ. நான்தான் பசை தடவிக் கொடுத்தேன். அப்ப எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு.

சொதி திரிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி, "என்னத்தட்டி செஞ்ச?"ன்னு கேட்டாவ. வேலை போயிரும்னு பயந்து, "வடிகட்டுனேன் அண்ணாச்சி"ன்னு மட்டும் சொன்னேன். எலுமிச்சம்பழக் கதைய மூச்சுவிடல. பெறவு பயம் போயிருச்சு, பிடிவாதம் வந்துருச்சு. பேரத்தான் அந்தக் காலண்டர்க்காரன் கொண்டுபோயிட்டான், எலுமிச்சம்பழமாவது என்கிட்ட இருக்கட்டும்னு, பழம் பிழியிற நேரத்துல எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் கதவச் சாத்திருவேன். இருபத்திமூணு சீசனா அப்படித்தான்.

இந்த வருசம் ஆடி மாசம் சென்னையில இருந்து ஸ்வாதின்னு ஒரு பிள்ள வந்தா. பேர் பெத்த ஓட்டல்களப் பத்தி இங்கிலீஷ்ல புஸ்தகம் எழுதுதாளாம், எங்க ஓட்டலுக்கு முப்பது பக்கம். அண்ணாச்சிகிட்டப் போன்லயே கேட்டு எல்லாம் எழுதி முடிச்சாச்சாம், தெளிசொதி செய்யறத ஒரு தடவ நேர்ல பாத்துட்டா அச்சுக்குக் கொடுத்துருவாளாம். விஜய்பாண்டி என்கிட்ட ஓடியாந்து, "யக்கா, லூசியன் துரைக்கு மட்டும் ஆறு பக்கம்"னான்.

வாயால சொல்லுத பொய் காத்துல போயிரும். அச்சடிச்சிட்டா? நான் செத்த பெறவும் அந்தக் காலண்டர்க்காரன்தான சொதி வச்சவன்? என் மக ஸ்ரீதேவி நர்சு வேலை பாக்கா, அவகிட்டகூட நான் சொன்னதில்ல. அவ புஸ்தகத்தப் பாத்தாலும், "அம்மா வேலை பாக்கிற ஓட்டல்"னுதான் சொல்லுவா.

ஸ்வாதி வந்த அன்னைக்கு மலையில பேய் மழை. காலையிலயே வெள்ளம் கரைபுரண்டு, எல்லா அருவியிலயும் குளிக்கத் தடைன்னு போலீஸ் கயிறு கட்டிட்டாவ. ஒரு விருந்தாளி கிடையாது, இருபத்தெட்டு நாற்காலியும் காலி. ஸ்வாதி மட்டும் குடைய மடக்கிக்கிட்டு வாசல்ல நிக்கா. தலை பொட்டுக்கூட நனையல.

"உங்களப் பந்தியில உக்கார வைக்க முடியாதும்மா, சட்டம் சட்டம்தான்"னாவ அண்ணாச்சி.

"சார், நான் சாயங்கால ரயிலுக்குப் போகணும்."

அண்ணாச்சி நாடியத் தடவுனாவ. "பந்திக்குத்தான் சட்டம், அடுப்படிக்குக் கிடையாது. உள்ள வாங்க. இன்னைக்குச் சொதிய நானே வைக்கேன். துரை கையப் பிடிச்சுச் சொல்லிக்கொடுத்தத நீங்க நேர்ல பாருங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இருபத்திமூணு வருசத்துல அந்த மனுசன் சொதிச் சட்டியத் தொட்டதில்ல. "நீ தள்ளி நில்லு மாரி"ன்னு சொல்லிட்டு, பம்பாய்க் காலத்து வெள்ளக் கோட்ட மாட்டிக்கிட்டாவ. பொத்தான் பூட்டல, தொந்தி விடல. நான் வாயப் பொத்திக்கிட்டுத் தள்ளி நின்னேன். செய்யட்டும், பாப்போம்னு நின்னேன்.

ஸ்வாதி போன்ல படம் பிடிக்கா. அண்ணாச்சி தேங்காப்பால் எடுத்தாவ, முருங்கக்கா போட்டாவ, இஞ்சிச்சாறு விட்டாவ, சொதி கமகமன்னு கொதிச்சுது. பெறவு என்ன செஞ்சாவ தெரியுமா? சட்டிய இறக்கி வச்சி, ஆறவிட்டு, பதவிசா எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சாவ. திருநேலிப் பிள்ளைல்லா, வேற எப்படிச் செய்வாவ? எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு பொத்துக்கிட்டு வருது.

வடிகட்டுனாவ. வெள்ளையா விழுந்துச்சு. துண்ட ரெண்டா மடிச்சு வடிகட்டுனாவ. அதுவும் வெள்ளை. நாலா மடிச்சாவ. வெள்ளவெளேர்னு மாப்பிள்ளச் சொதி நிக்கி.

"தெளியலையே சார்?"

"செத்த நேரம் ஆகும்மா, துரையே பொறுமை வேணும்பாரு"ன்னாவ. வேர்த்து வடியுது. ஆலங்குளத்து போர்டுக்காரன் சொதியும் இதே கதிதான். கால் மணி நேரம் மூணு பேரும் அந்தச் சட்டியவே பாத்துக்கிட்டு நின்னோம். கடைசியில அண்ணாச்சி மெதுவா என் பக்கம் திரும்பி, "ஏ மாரி, துரை கடைசியா ஒண்ணு சொன்னாருல்லா, அது என்ன?"ன்னு கேட்டாவ.

வந்துச்சு பாருங்க கோவம்.

"என்கிட்ட என்ன கேக்கிய? பாரிசுக்கு நானா போனேன்? அந்தா, மாலையும் கழுத்துமாத் தொங்குதாருல்லா, அவருகிட்டயே கேளுங்க!"

ஸ்வாதி முழிக்கா. அதுக்கு மேல அடக்க முடியல எனக்கு. "இருபத்திமூணு வருசமா கதவுக்குப் பின்னாடி நின்னு கேக்கேன் அண்ணாச்சி. ஒரே ஒரு நாளு எம்பேரச் சொன்னா உங்க ஓட்டல் இடிஞ்சா விழுந்துரும்?"னு கேட்டுட்டேன். கேட்டு முடிக்கும் முன்ன அழுகை வந்துருச்சு. அம்மிப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன்.

அந்த ஸ்வாதி நல்ல பிள்ள. சங்கடத்தப் பாத்துட்டு, "பரவாயில்ல சார், இன்னைக்குப் பால் சரியில்லன்னு வச்சுக்கலாம். லூசியன் பத்தி எழுதினது அப்படியே இருக்கட்டும்"னு சொன்னா. தப்பிக்க வழிய அவளே திறந்து விட்டுட்டா. அண்ணாச்சி "சரிம்மா"ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், ஆறு பக்கமும் அச்சாயிரும். மழை மட்டும் ஓட்டுல அடிக்கி.

பெறவு ஹால்ல டக்குனு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, அண்ணாச்சி லூசியன் துரையச் சுவத்துல இருந்து கழட்டிக் கொண்டாராவ. அடுப்பு மேடையில வச்சுப் பின் அட்டையப் பிரிச்சாவ. துரையோட முதுகுல புரட்டாசி மாசம் இருக்கு. அமாவாசை, பௌர்ணமி, ராகு காலம் எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு.

"அந்த ஆறு பக்கத்தையும் கிழிச்சிருங்கம்மா. இந்தாளு பேக்கரிக் காலண்டர். சொதி இவளோடது. இவ எப்படிச் செய்யுதான்னு எனக்கே தெரியாது, இந்தா பாத்தீங்கல்லா, நாலு மடிப்புத் துண்டுல வடிகட்டிக்கிட்டு நிக்கேன்"னாவ. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, "வெக்கத்துலதான் மாரி சொல்லல. முதல் நாளு மாத்திச் சொல்லிட்டேன், பெறவு மாத்த முடியல. மாலை வேற போட்டுட்டோம்லா"ன்னு தலையச் சொறிஞ்சாவ. அறுபத்தாறு வயசு மனுசன் அப்படி நின்னா என்ன செய்ய? எனக்கு அழுகையோட சிரிப்பும் சேந்து வந்துருச்சு.

மூக்கத் துடைச்சிட்டு அடுப்புக்கு வந்தேன். புதுசாப் பால் எடுத்து, புதுச் சொதி வச்சேன். அன்னைக்குத்தான் முதல் தடவ கதவச் சாத்தல. தளதளன்னு கொதிக்கும்போது பழத்த எடுத்தேன்.

"ஏட்டி! இறக்கிட்டுப் பிழி!"ன்னு அண்ணாச்சி பதறிட்டாவ.

"சும்மா இருங்க"ன்னு சொல்லி நாலையும் பிழிஞ்சேன். கண்ணு முன்னாடியே திரிஞ்சி ஒதுங்கிச்சு. வடிகட்டுனேன், கண்ணாடியா விழுந்துச்சு.

"கொதிக்கையிலயா பிழிவா! கோட்டிக்காரிகூடப் பிழிய மாட்டாளே!"

"அதான் அண்ணாச்சி, சார்ஜா வரைக்கும் ஒருத்தனுக்கும் வரல."

ஸ்வாதி ரயில விட்டுட்டா. புஸ்தகத்த நிப்பாட்டி வைக்கச் சொல்லி அங்கன இருந்தே போன் போட்டா. அந்த ஆணியில என் போட்டோவ மாட்டலாமான்னு விஜய்பாண்டி மாலையக் கையில வச்சிக்கிட்டே கேட்டான். "ஏலே, நான் இன்னும் உசுரோடதாம்ல இருக்கேன்"னு கரண்டிய ஓங்குனேன், ஓடிட்டான்.

மூணாம் நாளு வெள்ளம் வடிஞ்சி தடைய எடுத்துட்டாவ. ஹால் நிறைய ஆளு. காலையில நான் காய் பாத்துக்கிட்டு இருக்கும்போது அண்ணாச்சி வந்து கையில ஒரு வெள்ளத் துண்டக் கொடுத்தாவ. "நீயும் ஸ்வாதியும் அருவிக்குப் போங்க. இன்னைக்கு அடுப்பு என்னோடது"ன்னாவ.

நம்புவியளா, அருவிக்கு அரை மைல் தூரத்துல இருபத்திமூணு சீசனா இருக்கேன், சீசன்ல ஒரு நாளும் குளிச்சதில்ல. ஊரே குளிக்கும், நான் ஊருக்குச் சமைப்பேன். அன்னைக்கு ஐந்தருவியில தலைய நீட்டுனேன் பாருங்க, தண்ணி மடேர் மடேர்னு முதுகுல அடிக்கி, மூச்சு முட்டுது, எனக்குச் சிரிப்புத் தாங்கல. வெளிய வந்தா அப்படி ஒரு பசி. யம்மா, இந்தப் பசிக்கா நான் இத்தன வருசம் சமைச்சேன்னு நெனச்சுக்கிட்டேன்.

வாசல்ல அண்ணாச்சி கோட்டோட நிக்காவ. என் தலைய மோந்து பாத்தாவ. "ம், அருவித் தண்ணிதான், போகலாம்"னாவ. நடு மேசையில ஸ்வாதி பக்கத்துல உக்காந்தேன். வெள்ளத் துணியில கைய வைக்கவே கூச்சமா இருந்துச்சு.

நாலாவது பதார்த்தமாச் சொதி வந்துச்சு. விஜய்பாண்டி பழக்கதோசத்துல, "இது தெளிசொதி, எங்க மொதலாளிக்குப் பாரி..."ன்னு ஆரம்பிச்சு நாக்கக் கடிச்சான். அண்ணாச்சி அவனத் தள்ளிவிட்டு ஹால் நடுவுல வந்து நின்னாவ. தொண்டையக் கனைச்சாவ.

"இது தெளிசொதி. ராயகிரி மாரிச்செல்வி கை பதறிப் பிழிஞ்ச எலுமிச்சம்பழத்துல பிறந்தது. அந்தா, தலை ஈரத்தோட உக்காந்திருக்காவளே, அவங்கதான்."

இருபத்தேழு தலையும் திரும்பிச்சு. சுவத்தப் பாக்கல, என்னப் பாத்துச்சு. யாரோ கை தட்டுனாவ, பெறவு எல்லாரும் தட்டுனாவ. கிளாஸ ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஒரு வாய் குடிச்சேன். தெளிவாத்தான் இருந்துச்சு, மனுசன் ஒழுங்காத் திரிச்சிருக்காவ. அண்ணாச்சி பரீட்சை எழுதுன பிள்ள மாதிரி கிட்ட வந்து குனிஞ்சு, "எப்படி இருக்கு மாரி? உப்பு சரியா?"ன்னு கேட்டாவ.

"உப்பெல்லாம் சரிதான் அண்ணாச்சி"ன்னேன். "ஆனா அந்தக் கடைசி மேசைக்காரங்களுக்கு எம்பேரு கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."